பத்து மாத அட்வான்ஸும் ஒரு மாதப் பிடித்தமும்

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்பதற்கும் ‘உள்வாடகைக்கு விடக் கூடாது’ என்பதற்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கும். காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்காக ஒரு மாத வாடகை முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளப்படும் என்று சொல்லும். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடும் நாளில் இந்த வரியை யாரும் நின்று படிப்பதில்லை. பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்று, லாரிக்குச் சொல்லியாயிற்று, புரோக்கர் தன் கமிஷனுக்காக வாசலில் நிற்கிறார். இரண்டு மூன்று வருடம் கழித்து, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் அந்த வரி விழித்துக்கொள்ளும்.

பெங்களூரில் நான்கு வருடம் குடியிருந்த வீட்டை நாங்கள் காலி செய்தபோது வீட்டுக்காரர் நேராகப் படுக்கையறைக் கதவோரச் சுவருக்குப் போனார். ஒவ்வொரு பிறந்தநாளிலும் மகளை அங்கே நிற்கவைத்துப் பென்சிலால் உயரம் குறித்திருந்தோம். நான்கு கோடுகள். “இதோட எப்படி சார் அடுத்தவங்களுக்கு வீட்டைக் காட்டுறது?” என்றார். ரப்பரால் அழித்தால் போய்விடும் கோடுகள்தான். ஆனால் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மாத வாடகை போயிருக்கும். பிறகு எதற்குச் சுவரைக் காட்டினார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சுவர் ஒரு மரியாதைக்காகக் காட்டப்படுகிறது என்று இப்போது தோன்றுகிறது. பணத்தைப் பற்றி நேராகப் பேசக் கூச்சப்படும் இருவருக்கு நடுவில் சுவர் வந்து நிற்கிறது.

இந்தப் பிடித்தங்களில் பெயின்டிங்தான் மூத்தது. அதன் பின்னால் ஒரு பட்டாளமே வரும். டீப் கிளீனிங், ஒழுகும் குழாய், வேலை செய்யாத கீசர், கிழிந்த கொசுவலை, ஏசிக்குப் போட்ட துளை, தொலைந்துபோன இன்னொரு சாவி, நோட்டீஸ் கொடுத்ததில் குறைந்த நாட்களுக்கான வாடகை, கடைசி ஈ.பி. பில், அடுக்ககமாக இருந்தால் சங்கத்தின் ஷிஃப்டிங் சார்ஜ். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். எல்லாம் ஒரே தாளில், ஒரே நாளில், கீழே லாரி நின்றுகொண்டிருக்கும்போது வருவதுதான் பிரச்சினை. பேரம் பேச நேரமில்லாதவருக்கும் பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கும் இடையே நடக்கும் பேரம் இது.

*

முதலில் அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் நெடுங்காலமாக அட்வான்ஸ் என்றால் பத்து மாத வாடகைதான். தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ வருகிறவர்கள் இதைக் கேட்டு வாயடைத்துப் போவார்கள். இப்போது ஐந்து, ஆறு என்று இறங்கிய இடங்கள் உண்டு. பெங்களூரில் தனி வீட்டுக்காரர் பலர் இன்னும் பத்திலேயே நிற்கிறார்கள்.

25,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் 2,50,000. அதை வங்கியில் ஆண்டுக்கு 6 சதவீதத்துக்குப் போட்டிருந்தால், கூட்டு வட்டி வேண்டாம், தனி வட்டியிலேயே மூன்று வருடத்தில் 45,000 ரூபாய் வந்திருக்கும். வாடகைதாரர் அந்த வட்டியை வாய் திறக்காமல் விட்டுக்கொடுக்கிறார். காலி செய்யும்போது 25,000 பிடித்தம். மொத்தம் 70,000 ரூபாய், ஏறக்குறைய மூன்று மாத வாடகை. சுவருக்கு வண்ணம் பூச வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே பணம் இருந்தது என்றுதான் இந்தக் கணக்கு சொல்கிறது. ஆனால் வட்டி யார் கண்ணிலும் படுவதில்லை, பென்சில் கோடு படுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பல வீட்டுக்காரர்களிடம் அந்த அட்வான்ஸ் இருப்பதே இல்லை. மாடி எழுப்பிய கடனை அடைக்க, பெண் கல்யாணத்துக்கு, பையன் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று வந்த வாரமே போய்விட்டது. திருப்பித்தர வேண்டிய பணம் அடுத்த வாடகைதாரரின் பையிலிருந்துதான் வர வேண்டும். “அடுத்த ஆள் வரட்டும், மொத்தமா குடுத்துடறேன்” என்பது ஏமாற்றுப் பேச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பல சமயம் அது உண்மையான வாக்குமூலம். அடுத்த ஆள் வருவதற்கு இரண்டு மாதமானால் வீட்டுக்காரருக்கு இரண்டு மாத வாடகை நட்டம், கையில் காசும் கிடையாது. அப்போதுதான் கீசரும் கொசுவலையும் கணக்கில் ஏறத் தொடங்கும். பிடித்தங்களின் நீளம் சுவரின் அழுக்கைவிட வீட்டுக்காரரின் கைச்சுருக்கத்தையே அதிகம் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் இந்த அட்வான்ஸ் முறையின் முழு வடிவம் ஒத்தி அல்லது போக்கியம். சென்னையில் அதையே ‘லீஸ்’ என்பார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. தென் கொரியாவில் ‘சொன்செ’ என்ற பெயரில் ஏறக்குறைய இதே முறை இருக்கிறது, அங்கே வீட்டு விலையில் பாதிக்கும் மேலான தொகை கைமாறும். வீட்டு விலையும் சொன்செ தொகையும் ஏறிக்கொண்டிருக்கும்வரை அடுத்தவர் பணத்தில் முந்தையவருக்குத் திருப்பித்தர முடிந்தது. 2022-இல் விலை சரிந்ததும் சங்கிலி அறுந்தது. ஆயிரக்கணக்கானோர் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் நின்றார்கள். 2023-இல் பாதிக்கப்பட்டோருக்கென்று தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. நம் பத்து மாத அட்வான்ஸ் அளவில் சிறிது, ஆனால் சுற்றிவரும் விதம் அதுவேதான்.

*

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தது. 1960-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில்தான் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் ஊர் வழக்கமானது. இப்படிப் பகிரங்கமாக மீறப்பட்ட சட்டப் பிரிவு வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று நினைவுக்கு வருவது வரதட்சிணைத் தடைச் சட்டம்தான்.

அதன் இடத்துக்கு வந்தது, சொத்து உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. இது நடைமுறையோடு ஒரு சமரசத்துக்கு வந்தது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித்தர வேண்டும். ஆனால் அந்த மூன்று மாத உச்சவரம்புக்கு முன்னால் ஒரு சின்னச் சொற்றொடர் நிற்கிறது. ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய என்பது அதன் பொருள். ஒப்பந்தத்தை எழுதுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை இது.

இதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணைதான் பிடித்தச் சண்டைகளுக்கு நேரடியாகப் பதில் சொல்வது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அது பிரிக்கிறது. கட்டடத்தின் பெரும்பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்கு வண்ணம், குழாய் இணைப்புகளை மாற்றுவது, மின் கம்பிகள் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகும் வாஷரும், கழிவறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர், சுவிட்சு, பூட்டு, கொசுவலை, சன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேல், இயல்பான தேய்மானத்துக்கு விலக்கு. ஆக, பெயின்டிங் செலவு இயல்பில் வீட்டுக்காரருடையது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எழுத்தில் வேறுவிதமாக உடன்பட்டால் அது மாறும். உடன்பட்டாயிற்றே, அந்த நடுவரியில்.

இங்கே ஒரு வழக்கறிஞர் குறுக்கிடக்கூடும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்த தொகையை அப்படியே வசூலித்துவிட முடியாது, நியாயமான ஈடுதான் கேட்கலாம். நட்டமே ஏற்படாத இடத்தில் வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்ய முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாக்-இன் காலத்துக்கு முன்பே காலி செய்ததற்காக மொத்த அட்வான்ஸையும் வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு இது நேராகப் பொருந்தும். பெயின்டிங் வரிக்குப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. அது அபராதமல்ல, முன்பே பேசிக்கொண்ட விலை என்று எதிர்த்தரப்பு சொல்லும். இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்காக இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம்வரை யார் கொண்டுபோவார்கள்?

பெங்களூரின் நிலை இன்னும் விசித்திரம். கர்நாடக வாடகைச் சட்டம் 1999-ஆம் ஆண்டினது. நகரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்று 3,500 ரூபாய்க்கு அந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பைக் நிறுத்த இடம் கிடைக்கலாம். ஆக, கிட்டத்தட்ட எந்த அடுக்ககவாசிக்கும் அந்தச் சட்டம் இல்லை. பொதுச் சட்டங்களும் சிவில் நீதிமன்றமும்தான் மிச்சம். ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாத முன்பணம்தான் என்கிறது. மாதிரி என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. ஒரு மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் அது சட்டம்.

பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொல்கிறது. அதைத் தவிர்க்கப் பிறந்த எண் பதினொன்று. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இருந்தும் டைப் அடிக்கும் கடைகளில் பதினொரு மாத வார்ப்பு அப்படியே இருக்கிறது. பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றித் தருகிறார்கள். நம் ஊர் வாடகை உறவின் உண்மையான சட்டமன்றம் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் அந்தக் கடைதான்.

*

இயல்பான தேய்மானம் என்ற கருத்து புதியதல்ல. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குத்தகைக்கு எடுத்தவர் சொத்தைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித்தர வேண்டும், நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத இயற்கைச் சக்தியின் விளைவும் நீங்கலாக. சரி, எது நியாயமான தேய்மானம்? இதற்குப் பட்டியல் கிடையாது. பட்டியல் இல்லாத இடத்தில் குரல் உயர்ந்தவர் சொல்வதே பட்டியல்.

சென்னை வீடு எப்படித் தேய்கிறது என்று பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்து இறுகும். ஷவரின் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும். கீசரின் உள்ளே காயிலைச் சுற்றிச் செதில் கட்டி ஒருநாள் அது எரிந்துபோகும். குளியலறை டைல்ஸ் பழுப்பேறும், ஆசிட் ஊற்றித் தேய்த்தால் பழுப்போடு பளபளப்பும் போகும். அட்டவணைப்படி குழாயும் கீசரும் குடியிருப்பவர் தலையில். ஆனால் அந்தத் தண்ணீர் யாருடையது? வீட்டுக்காரர் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றினுடையது. ஒன்றிய அரசு முன்பு சுற்றுக்கு விட்ட மாதிரிச் சட்ட வரைவை ஒட்டி எழுதப்பட்ட அட்டவணைக்கு நம் தண்ணீரின் குணம் தெரியாது.

சமையலறை இன்னொரு களம். தினம் இரண்டு வேளை தாளிக்கும் வீட்டில் மூன்று வருடத்தில் அடுப்புக்கு மேலே சுவர் மஞ்சளாகும், ஃபேன் இறக்கையில் பிசுக்கு ஏறும். சமையலறையில் சமைப்பது முறையான உபயோகம்தானே? பூசை மாடத்தில் விளக்குக் கரி படிவதும் அப்படித்தான். மாறாக, குழந்தை கிரேயான்ஸால் ஹால் சுவர் முழுக்க யானை வரைந்தது தேய்மானமில்லை. ஏசிக்காரர் தவறான இடத்தில் துளை போட்டுவிட்டு வேறிடத்தில் இன்னொன்று போட்டதும் தேய்மானமில்லை. நடுவில் ஒரு சாம்பல் நிலம் கிடக்கிறது. காலண்டர் ஆணி, டி.வி. மாட்டிய நான்கு துளைகள், கட்டில் தலைப்பக்கம் எண்ணெய்த் தலை பட்ட கறை.

இந்தச் சாம்பல் நிலத்தில் உட்கார்ந்து வரப்பு வெட்டியவர்கள் ஜப்பானியர்கள். அங்கும் ‘ஷிகிகின்’ என்ற முன்பணம் உண்டு, காலி செய்யும்போது சண்டையும் உண்டு. 1998-இல் அந்நாட்டுக் கட்டுமான அமைச்சகம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதைப் படிக்கும்போது ஓர் அரசாங்கம் இவ்வளவு பொறுமையாகச் சுவரைப் பார்க்குமா என்று வியப்பாக இருக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் படியும் கறுப்பு, வீட்டுக்காரர் கணக்கு. மேசை நாற்காலியின் கால் தரையில் பதித்த பள்ளமும் அவர் கணக்கு. தாள் ஒட்டப் பயன்படும் குத்தூசியின் துளை, அவரே. ஆணியோ திருகாணியோ ஆழமாக இறங்கி உள்பலகையையே மாற்ற வேண்டிவந்தால் குடியிருந்தவர் கணக்கு. சிகரெட் புகைக் கறையும் தொலைந்த சாவியும் அவர் பொறுப்பு.

அதைவிட முக்கியமானது வயதுக் கணக்கு. சுவர்த்தாளின் ஆயுள் ஆறு வருடம் என்று வைத்துக்கொண்டு, ஆறாம் வருட முடிவில் அதன் மதிப்பை 1 யென்னுக்கு இறக்கிவிடுகிறார்கள். மூன்று வருடம் குடியிருந்து சுவர்த்தாளைக் கெடுத்தவர் பாதிச் செலவைத் தந்தால் போதும். அதுவும் கெட்ட பக்கத்துக்கு மட்டும், வீடு முழுவதற்கும் அல்ல. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அந்நாட்டு உரிமையியல் சட்டத்திலேயே தேய்மான விலக்கை எழுதிவிட்டார்கள்.

இதை நம் கணக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு பெயின்ட் பூச்சு ஐந்து வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். புதுப் பூச்சில் குடிவந்து மூன்று வருடம் இருந்தவர் ஹால் சுவரைக் கெடுத்துவிட்டார் என்றால், அந்தச் சுவரின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு அவருடையது. ஐந்து வருடம் இருந்திருந்தால் ஒன்றுமில்லை. நம் ஒப்பந்தமோ பதினொரு மாதம் இருந்தவரிடமும் எட்டு வருடம் இருந்தவரிடமும் அதே ஒரு மாத வாடகையை வாங்குகிறது. உண்மையில் எட்டு வருடம் இருந்தவரிடம் கூடுதலாக வாங்குகிறது, நடுவில் வாடகை ஏறியிருக்குமே.

*

வீட்டுக்காரரை வில்லனாக்கிவிட்டு நகர்வது எளிது. ஆனால் தமிழ் நகரங்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களில் பெருநிறுவனங்கள் அரிது. ஓய்வூதியத்தோடு மாடி வாடகையையும் நம்பி இருக்கும் ஓய்வுபெற்றவர்கள், வெளிநாட்டில் மகன் வாங்கிப்போட்ட ஃபிளாட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள், வங்கித் தவணை கட்டும் இளம் தம்பதிகள். அவர்களிடம் கேட்டால் வேறு கதைகள் வரும். எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு வாக்கியம் இருக்கும்: “கடைசி மூணு மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க.”

வாடகைதாரர்களின் ஆயுதம் இது. அட்வான்ஸ் திரும்பி வராது என்ற பயத்தில், காலி செய்வதாகச் சொன்ன நாளிலிருந்தே வாடகையை நிறுத்திவிடுவார்கள். பத்து மாத அட்வான்ஸாக இருந்தால் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார். சட்டம் சொல்லும் மூன்று மாதமாக இருந்தால் மூன்றும் வாடகையிலேயே கரைந்துவிடும். அதற்குப் பிறகு உடைந்த வாஷ்பேசினுக்கோ கட்டாத ஈ.பி. பில்லுக்கோ எதில் பிடிப்பது? மூன்று மாத வரம்பு ஏட்டிலேயே நிற்பதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு தரப்பும் மற்றவர் ஏமாற்றுவார் என்று முன்கூட்டியே தற்காப்பு எடுக்கிறது, அந்தத் தற்காப்பே அடுத்தவருக்கு ஏமாற்றாகத் தெரிகிறது.

மின்கட்டணம் சிறிய விஷயம், ஆனால் சண்டை பெரிதாக வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். நடுவில் காலி செய்கிறவரின் பங்கையும் அவருக்குப் பின் வருகிறவரின் பங்கையும் ஒரே பில்லில் எப்படிப் பிரிப்பது? ஏசி ஓட்டியவர் யார், அடுக்கைத் தாண்டவைத்தவர் யார்? சாவி கொடுக்கும்போதே மீட்டரை இருவரும் சேர்ந்து படம் பிடித்தால் ஒரு நிமிட வேலை. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

அடுக்ககச் சங்கங்கள் புதிதாக முளைத்த மூன்றாவது கை. குடிவரவும் குடிபோகவும் ஒரு தொகை கேட்கிறார்கள். லிஃப்ட்டில் பீரோவை ஏற்றி இறக்கும்போது கீறல் விழும், செக்யூரிட்டிக்குக் கூடுதல் வேலை என்பார்கள். கீறல் விழுந்தால் ஈடு கேட்பது வேறு. விழுந்தாலும் விழாவிட்டாலும் ஆயிரக்கணக்கில் வாங்குவது வேறு. கட்டினால்தான் தடையின்மைச் சீட்டு, சீட்டு இருந்தால்தான் வாசல் கேட்டில் லாரி வெளியே போகும். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் உறுப்பினராக இருக்கும் ஒரு சங்கம், வாக்கே இல்லாத வாடகைதாரர் மேல் போடும் வரி இது. சங்கக் கூட்டத்தில் இதை எதிர்த்துப் பேச ஆளே இருக்காது, பேசக்கூடியவர் அன்று லாரியில் போய்க்கொண்டிருப்பார்.

*

பணம் யார் கையிலும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1977-இலேயே இந்தக் கேள்வியைக் கேட்டது. வாடகை முன்பணத்தை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள முடியாது, அரசு வாரியத்தில் கட்ட வேண்டும். நான்கு வார வாடகைக்கு மேல் வாங்கவும் முடியாது. காலி செய்யும்போது இருவரும் ஒத்துக்கொண்டால் பணம் உடனே பிரியும், இல்லாவிட்டால் தீர்ப்பாயம். இடைப்பட்ட காலத்தில் சேரும் வட்டியில் வாடகைதாரர்களுக்கு ஆலோசனை தரும் அமைப்புகளுக்கும் நிதி போகிறது. நாம் வாய் திறக்காமல் விட்டுக்கொடுக்கும் அந்த 45,000-த்தை அங்கே ஒரு பொதுக் காரியத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரல் 6-இலிருந்து முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வைத்தாக வேண்டும். இப்போதைய விதிப்படி முப்பது நாட்களுக்குள் அதைச் செய்யாத வீட்டுக்காரர் முன்பணத்தைப் போல் ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை அபராதம் கட்ட நேரும். 2019 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு. நடுவர் இலவசம். அங்கே நுட்பமாக ஒரு விஷயம் தலைகீழாகிறது. முன்பணம் வாடகைதாரருடையது என்பதிலிருந்து நடுவர் தொடங்குகிறார், பிடித்தம் நியாயமென்று நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். நுழைந்த நாளின் பட்டியலும் படங்களும் அவரிடம் இல்லையென்றால் பெரும்பாலும் தோற்றுவிடுவார். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளவும் அனுமதி இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. சுத்தம் செய்யும் செலவுதான் அங்கே ஆண்டுதோறும் முன்னணியில் இருக்கும் தகராறு. ‘சுத்தம்’ என்பதற்கு இரண்டு பேர் ஒரே பொருள் கொள்வது எந்த நாட்டிலும் கடினம் போலிருக்கிறது.

கலிபோர்னியா பணத்தை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டுக் கெடுவை இறுக்கியது. 21 நாட்களுக்குள் இனம்வாரியாகக் கணக்கு தர வேண்டும், பிடித்தம் 125 டாலரைத் தாண்டினால் ரசீதும் இணைக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பிடித்தது தெரிந்தால் முன்பணத்தைப் போல் இரு மடங்கு வரை கூடுதலாகத் தர நேரும். 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. 2025-இலிருந்து படம் எடுத்துவைப்பதும் வீட்டுக்காரர் கடமையாகியிருக்கிறது. ஜெர்மனியில் மூன்று மாதம் வரை வாங்கலாம், ஆனால் தனிக் கணக்கில் வட்டியோடு வைக்க வேண்டும். பூச்சுப் போன நிலையில் வீட்டைப் பெற்றுக் குடிவந்தவரிடம், ஈடு எதுவும் தராமல், வண்ணப் பூச்சுச் செலவை ஒப்பந்த வரியால் சுமத்த முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. நம் ஒப்பந்தத்தின் நடுவரி அங்கே நீதிமன்றம்வரை போய்த் தோற்றிருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ ஒரேயடியாக வெட்டிவிட்டது. டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் பேஸ்மென்ட் வீடுகளில் குடியிருக்கும் ஈழத்தமிழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சேதத்துக்கென்று முன்பணம் வாங்குவதே அங்கே சட்டப்படி செல்லாது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம், அதற்கும் வட்டி உண்டு, அதைக் கடைசி மாத வாடகைக்கு மட்டுமே கழிக்கலாம். சேதம் இருந்தால் வீட்டுக்காரர் தனியாக வழக்குப் போட வேண்டும். நம் ஊரில் வாடகைதாரர் பணத்துக்காக அலைகிறார், அங்கே வீட்டுக்காரர் அலைகிறார். அலைச்சல் ஒழியவில்லை, அலைகிறவர்தான் மாறியிருக்கிறார். எனக்கு நியூ சவுத் வேல்ஸ் ஏற்பாடுதான் பிடிக்கிறது, அதில் இருவருமே கொஞ்சம் கொஞ்சம் அலைகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய பாதிக் கட்டுமானம் ஏற்கெனவே நிற்கிறது. ஒப்பந்தத்தை இணையத்தில் பதியலாம், பதிவு எண் வரும். வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், மேலே தீர்ப்பாயம் என்று மூன்று படிகள் உண்டு. முன்பணத் தொகை ஒப்பந்தத்தில் அரசின் கண்முன்னே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தொகையை மட்டும் அரசு தொடுவதில்லை. தொட்டால் மாடி எழுப்பவும் கல்யாணம் செய்யவும் பணம் தேடும் லட்சக்கணக்கான குடும்பங்கள் சும்மா இருக்குமா என்பது அரசியல் கேள்வி. முன்பணம் என்பது நம் நடுத்தரவர்க்கத்தின் வட்டியில்லாக் கடன், அதை மூடுவதற்கு முன் அதற்கு மாற்று எது என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கும்.

அதுவரை பதிவு செய்யாத ஒப்பந்தத்தோடு காவல் நிலையம் போனால் “சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்புவார்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் சில சமயம் வேலை செய்யும், தொகை பெரிதாக இருந்தால். குடிபுகும் அன்றே, பெட்டிகளைப் பிரிக்கும் முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது இதைவிடப் பலன் தரும். தேதியும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும், “இது அப்ப இல்லையே” என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பிடித்தத்துக்கு ரசீது கேட்பதும் நல்லது. பெயின்டர் பில் என்று பெரும்பாலும் வருவது ஒரு நோட்டுப் புத்தகத் தாள்தான், ஆனால் கேட்டவுடன் தொகை கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் காலி செய்த நான்கு மாதம் கழித்து அந்த அடுக்ககத்துக்கு ஒரு விசேஷத்துக்காகப் போனோம். பழைய வீட்டில் புதிதாக வந்திருந்தவர்கள் ஒடிசாக்காரர்கள், மகளைப் பார்த்துச் சிரித்து உள்ளே கூப்பிட்டார்கள். படுக்கையறைக் கதவோரம் எங்கள் நான்கு கோடுகளும் அப்படியே இருந்தன. பக்கத்தில், இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே, நீலப் பேனாவால் ஐந்தாவது கோடு. அவர்களுக்கு ஒன்றரை வயதுப் பையன். “பெயின்டிங் பண்ணித்தரச் சொன்னோம், காலி பண்ணும்போது எப்படியும் பண்ணத்தானே போறோம்னு ஓனர் சொல்லிட்டார்” என்றார் அந்தப் பெண், இந்தியில். அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை.